மரணக் கடவுளின் பூசகர்களும் பெயரைப் படிக்கும் வாயும்



நம் மாணவர்கள் விரும்பிப் படிக்கும் கற்பனைப் புதினங்களிலும் ஆடும் கணினி விளையாட்டுகளிலும் மரணக் கடவுள் ஒருவர் அடிக்கடி வருகிறார். அவருக்குக் கறுப்பு அங்கி அணிந்த பூசகர் கூட்டம் ஒன்றும் உண்டு. அக்கூட்டம் இருளில் வாழும், உயிர்ப்பலி கேட்கும், இறந்தோரை எழுப்பி ஏவல் கொள்ளும். கதைக்கு இவை சுவை சேர்க்கலாம். ஆனால், மரண உலகின் கடவுள் ஒருவருக்கு உண்மையாகவே கோயில் எழுப்பி, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் வழிபட்ட மக்கள் உலகில் வாழ்ந்திருக்கின்றனர். அவர்கள் பண்டை எகிப்தியர், அக்கடவுள் ஓசிரிசு. அவருடைய பூசகர்கள் அணிந்தது வெண்ணிற நாருடை. அவர்கள் கையில் இருந்தது எழுத்துச் சுருள்.

அச்சமயம் எதனால் வாழ்ந்தது, எதனால் மறைந்தது என்பதை அறிவது, எழுத்தறிவிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்குப் பயனுடையது.

கொலையுண்ட அரசன்

ஓசிரிசு முன்னொரு காலத்தில் எகிப்தை ஆண்ட நல்லரசன் என்பது தொன்மம். உடன்பிறந்த சேத் பொறாமையால் அவனைக் கொன்றான். மனைவி ஐசிசு அவனுடலைத் தேடிக் கண்டு உயிர்ப்பித்தாள். மகன் ஓரசு தந்தையின் அரியணையை மீட்டான். ஓசிரிசோ இவ்வுலகிற்குத் திரும்பாமல் இறந்தோர் உலகின் வேந்தனானான். ஓவியங்களில் அவன் மேனி பச்சையாகவோ கறுப்பாகவோ காணப்படும். பச்சை, முளைத்தெழும் பயிரின் நிறம். கறுப்பு, நைல் வெள்ளம் விட்டுச் செல்லும் வளமான வண்டலின் நிறம். எகிப்தியர் தம் நாட்டையே ‘கறுப்பு நிலம்’ என்றுதான் அழைத்தனர். அங்கே கறுப்பு விளைச்சலைக் குறித்தது. மரணக் கடவுளே விளைச்சலின் கடவுளுமாய் இருந்தான்.

தொடக்கத்தில் ஓசிரிசாக மாறும் பேறு அரசனுக்கே உரியதாய் இருந்தது. சக்காராவில் உள்ள உனாசு மன்னனின் பிரமிடுச் சுவர்களில், ஏறத்தாழ கி.மு. 2350-இல், அதற்குரிய மந்திரங்கள் செதுக்கப்பட்டன. பின்வந்த நூற்றாண்டுகளில் அம்மந்திரங்கள் அதிகாரிகளின் சவப்பெட்டிகளுக்கு இறங்கி வந்தன. அதன்பின் பாப்பிரசுச் சுருள்களில் எழுதப்பெற்று, விலை கொடுக்க இயன்றவர் கைகளுக்கு எல்லாம் வந்து சேர்ந்தன.

இவ்வழிபாட்டின் பெருந்தலம் அபிடோசு. மூன்றாம் செனுசுரெத் மன்னனின் காலத்தில், கி.மு. 19ஆம் நூற்றாண்டில், இக்கர்நோபிரெட் என்னும் கருவூலத் தலைவர் அரசாணையின்படி அங்குச் சென்றார். கடவுள் திருவுருவை அணி செய்து, திருவிழாவை நடத்தி, அதை ஒரு கல்லில் பொறித்து வைத்தார். கடவுளின் படகு உலா வருவதும், பகைவர் எதிர்க்க அவர்களை வீழ்த்துவதும், கடவுளைக் கல்லறைக்குக் கொண்டு சென்று மீண்டும் கோயிலுக்கு அழைத்து வருவதும் அதில் சொல்லப்படுகின்றன. அக்கல் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பூசகர்களின் அன்றாடம்

எகிப்தியப் பூசகருள் பலர் ஆண்டு முழுவதும் கோயிலில் இருந்தவர் அல்லர். நான்கு அணிகளாகப் பிரிந்து, ஒரு திங்கள் பணி செய்தபின் மூன்று திங்கள் தத்தம் தொழிலுக்கும் குடும்பத்திற்கும் திரும்பினர். கீழ்நிலைப் பூசகருக்குத் ‘தூயவர்’ என்றே பெயர். பூசகர்கள் இரண்டு நாளுக்கு ஒருமுறை உடல் முழுவதும் மழித்து, பகலில் இருமுறையும் இரவில் இருமுறையும் குளிர்நீரில் குளித்தனர் என்றும், மீன் உண்ணவில்லை என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதினார்.

இறந்தவர் உடலைப் பதப்படுத்தும் பணி, நரித்தலைக் கடவுளான அனுபிசின் காவலில் நடைபெற்றது. நேட்ரான் என்னும் உப்பில் உடலை உலர்த்தித் துணியால் சுற்றி முடிக்க எழுபது நாள் ஆகும். உடலில் முதல் கீறலை இட்டவன், உடனே ஓடிவிட வேண்டும். உடனிருந்தோர் அவனைச் சபித்துக் கல்லெறிந்து விரட்டினர் என்கிறார் தியோதோரசு. உடலைப் பதப்படுத்தியோர் பெரிதும் மதிக்கப்பட்டனர். அதே வேலையின் முதற்படியைச் செய்தவன் விரட்டப்பட்டான். தேவையான தொழிலையும் தொட்டவனைத் தள்ளி வைப்பது, நம் சமுதாயத்திற்கும் புதிதன்று.

பூசகருள் ஒருவகையினரின் பெயரை ‘சுருள் ஏந்துபவர்’ என மொழிபெயர்க்கலாம். சடங்கு நூலைக் கையில் ஏந்தி, சொல் பிறழாமல் உரக்கப் படிப்பது அவர் கடமை. படிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராய் இருந்த நாட்டில், அவரே இறந்தவருக்கும் மறுமைக்கும் இடையே பாலமாக நின்றார்.

இறந்த பின்னும் ஓர் ஒப்பந்தம்

உடல் கெடாமல் இருந்தால் மட்டும் போதாது. இறந்தவரின் பெயர் உச்சரிக்கப்பட வேண்டும் என்று எகிப்தியர் நம்பினர். பெயர் மறைந்தால் மனிதனே மறைந்தான். ஆகவே, படையல் இடவும் பெயர் சொல்லவும் பூசகர்களுக்கு நிலமும் வருவாயும் எழுதி வைத்தனர்.

முதலாம் செனுசுரெத் காலத்தில் அசியூத் வட்டாரத்தை ஆண்ட அபிச்செஃபா என்னும் ஆளுநர், பூசகர்களோடு செய்துகொண்ட பத்து ஒப்பந்தங்களைத் தம் கல்லறைச் சுவரிலேயே பொறித்தார். எந்த நாளில் எத்தனை அப்பம், எவ்வளவு பீர், எந்த விளக்கிற்குத் திரி என எல்லாம் அதில் உள்ளன. கோயிலின் ஓராண்டு வருவாயில் 360-இல் ஒரு பங்கு ‘ஒரு கோயில் நாள்’ எனக் கணக்கிடப்பட்டது. தாம் கொடுப்பது பதவியின் சொத்தன்று, தந்தை வழிச் சொத்தே என்பதையும் தெளிவுபடுத்தினார். பின்வரும் ஆளுநர் அதைத் திரும்பப் பெறக்கூடாதல்லவா?

இத்தகைய செல்வம் இல்லாதோர் வேறு வழி கண்டனர். ‘இவ்வழியே செல்வோரே, என் பெயரைப் படித்து, எனக்காகப் படையல் வாய்பாட்டைச் சொல்லுங்கள், உங்களுக்கு மூச்சைத் தவிர வேறு செலவில்லை’ என்னும் பொருள்பட நடுகற்களில் பொறித்து வைத்தனர். ஏதோ ஒரு நாள் எழுத்தறிந்த ஒருவர் அவ்வழியே வருவார் என்னும் நம்பிக்கையே அவர்களின் மறுமை.

தராசும் வெற்றிடமும்

இறந்தவர் ஓசிரிசின் அவையில் நாற்பத்திரண்டு நடுவர் முன்னிலையில், தாம் கொலை, களவு, பொய் முதலியவற்றைச் செய்யவில்லை என உரைக்க வேண்டும். அவருடைய இதயம், மாஅத் என்னும் அறத்தின் இறகோடு தராசில் நிறுக்கப்படும். தோற்றால், முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட விலங்கு அதை விழுங்கும்.

மிக உயர்ந்த அறக்கருத்து இது. ஆயினும், தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லாமல் தடுக்கும் மந்திரமும் அங்கு இருந்தது. வண்டு வடிவக் கல்லில் அதைப் பொறித்து மார்பில் வைத்தனர். இம்மந்திரங்கள் அடங்கிய ‘இறந்தோர் நூல்’ முன்கூட்டியே எழுதப்பட்டு, பெயருக்கு மட்டும் வெற்றிடம் விட்டு விற்கப்பட்டதும் உண்டு. லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற ஆனி சுருளிலும் பெயர் பின்னர் நிரப்பப்பட்ட இடங்கள் உள்ளன. சமயம் அறத்தைக் கற்பிக்கும்போதே, அறத்திலிருந்து தப்பும் வழியையும் அதன் சந்தை விற்றது.

இவற்றின் நிலையாமையை எகிப்தியரே உணர்ந்திருந்தனர். ஏறத்தாழ கி.மு. 1200-ஐச் சார்ந்த ஒரு பாப்பிரசு, பழம் புலவர்களைப் பற்றிப் பேசுகிறது. அவர்களின் கல்லறைகள் இடிந்தன; படையலிட்ட பூசகர்களும் போயினர்; ஆயினும் அவர்கள் இயற்றிய நூல்களைப் படிப்போர் இருப்பதால் பெயர்கள் நிலைக்கின்றன என்பது அதன் கருத்து.

கடைசி எழுத்து

பின்னர் கிரேக்கரும் ரோமரும் ஆண்டனர்; கிறித்துவம் பரவியது. தெற்கு எல்லையில் இருந்த பிலே தீவில் மட்டும் ஐசிசு, ஓசிரிசு வழிபாடு நீடித்தது. படவெழுத்தை அறிந்தோர் சில பூசகக் குடும்பங்களாகச் சுருங்கினர். நாமறிந்த கடைசிப் படவெழுத்துப் பொறிப்பு கி.பி. 394 ஆகத்து 24-இல் அங்கே வெட்டப்பட்டது. வெட்டுவித்தவர் ஒரு பூசகர். அதன் விரைவெழுத்து வடிவமான தெமோத்திக் எழுத்தின் கடைசிச் சான்றும் அங்கேயே, கி.பி. 452-இல். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் சசுட்டினியன் ஆணையால் கோயில் மூடப்பட்டது; பூசகர்கள் சிறைப்பட்டனர்; திருவுருவங்கள் கான்சுடாண்டிநோபிளுக்குக் கொண்டு செல்லப்பட்டன.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எகிப்தியர் அழியவில்லை, அவர்கள் மொழியும் உடனே அழியவில்லை. கிரேக்க எழுத்துகளோடு தெமோத்திக் குறிகள் சிலவற்றைச் சேர்த்து, காப்டிக் என்னும் பெயரில் அம்மொழி தொடர்ந்தது. காப்டிக் திருச்சபையின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது. ஆனால், அம்மொழியை வாயால் பேசிய ஒருவர், தம் மூதாதையின் கல்லறை முன் நின்றபோது அதில் ஓர் எழுத்தையும் படிக்க இயலவில்லை. என் பெயரைச் சொல்லுங்கள் என்று கல் கெஞ்சியது. வழிப்போக்கர் வாளா கடந்து போனார். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்நிலை நீடித்தது.

கி.மு. 196-இல் பூசகர்கள் பிறப்பித்த ஓர் ஆணை, படவெழுத்து, தெமோத்திக், கிரேக்கம் ஆகிய மூன்றிலும் பொறிக்கப்பட்டிருந்தது. அந்த ரோசட்டாக் கல் 1799-இல் கிடைத்தது. காப்டிக் மொழியைக் கற்றிருந்த பிரெஞ்சு அறிஞர் சம்போலியன், 1822-இல் படவெழுத்தின் புதிரை விடுவித்தார். பூசகர்கள் கோயிலுக்குள் காத்த அறிவு அவர்களோடு மறைந்தது; ஊரறியக் கல்லில் வைத்ததும், மக்கள் வாயில் எஞ்சியதுமே அதை மீட்டன.

“வீட்டில் தமிழ் பேசுகிறான், அது போதாதா? எழுதப் படிக்க வேறு தெரிய வேண்டுமா?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்கு நாம் கூறத்தக்க மறுமொழியை நைல் ஆற்றங்கரை வைத்திருக்கிறது. பேச்சு மட்டும் எஞ்சினால் மொழி சில காலம் வாழும். ஆனால், தாத்தா எழுதி வைத்த கடிதம் பேரனுக்குப் படமாகிவிடும். பிள்ளை ஒரு பழைய பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது, எகிப்தியப் பூசகர்கள் நிலமும் பொன்னும் பெற்றுச் செய்த பணியை அது ஊதியமின்றிச் செய்கிறது.

சிந்திப்போம்.