முதலைப் பண்ணையின் கதை

நம் அஸ்தினாபுரத்திலிருந்து பஸ் வைத்து உங்களில் பலரை வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அதன் வரலாற்றை இன்று சொல்கிறேன்.

தோலுக்காகச் சுட்டுச் சுட்டே 1970களில் இந்தியாவில் முதலைகள் அருகிவிட்டன. 1972 வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. 1976-இல் ரோமுலஸ் விட்டேகரும் ஜாய் விட்டேகரும் பண்ணையைத் தொடங்கினார்கள். சதுப்புநில முதலைகள் பெருகின. அங்கே பிறந்தவை பல மாநிலங்களுக்கும் போயின.

ஆராய்ச்சியும் நடந்தது. முதலை ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கும் இடத்தின் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. ஜெஃப்ரி லாங், விட்டேகர், ஹாரி ஆண்ட்ரூஸ் மூவரும் சீரான வெப்பத்தில் முட்டைகளை வைத்துப் பார்த்தார்கள். 31 டிகிரி வரை எல்லாம் பெண், 32.5-இல் ஆண். ஒன்றரை டிகிரிதான் வித்தியாசம், பாருங்கள்!

அப்புறம்தான் சங்கடம். வெளியே விட இடமில்லை, குளங்கள் நிரம்பிவிட்டன. பெருக்குவதற்கென்றே தொடங்கிய இடத்தில் முட்டைகளை அழிக்க வேண்டியதாயிற்று. குஞ்சு பொரித்துப் பழகிய கை அதைச் செய்ய எவ்வளவு தயங்கியிருக்கும்! கொடுமை என்பார்கள் சிலர். நெரிசலில் ஒன்றையொன்று கடித்துக் குதறுவதுதான் பெரிய கொடுமை என்பேன் நான். ஆயிரம் முதலைகளை குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப ஏற்பாடானது. அதை எதிர்த்த வழக்கை 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.