பழைய அமெரிக்க டிராக் பந்தயத்தின் எதிர்பாராத கார்கள்

அமெரிக்க டிராக் பந்தயம் விளக்குவதற்கு எளிது. நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, நேரான தடத்தில் கால் மைலை, அதாவது 1,320 அடியை, முதலில் கடந்த கார் வென்றது. வளைவுகள் இல்லை, சுற்றுகள் இல்லை. இவ்வளவு எளிய போட்டிக்கு ஒரே அச்சில் வார்த்த கார்கள்தான் வந்திருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 1950களிலும் 60களிலும் அந்தத் தடங்களில் ஓடியவற்றில் இத்தாலியக் குட்டிக் கார்கள், பிரிட்டிஷ் குடும்பக் கார்கள், யாரும் விரும்பி வாங்காத மலிவு மாடல்கள், ஸ்டேஷன் வேகன்கள், சரக்கு ஏற்றும் பிக்கப் வண்டி எல்லாம் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவை கூட்டத்தைச் சிரிக்க வைக்கக் கட்டப்பட்டவை அல்ல. எடையைக் குறைப்பது, பின்சக்கரங்களுக்குப் பிடிப்பைக் கூட்டுவது, விதிப்புத்தகம் விட்டுவைத்த இடத்தைப் பயன்படுத்துவது ஆகிய மூன்று தேவைகளே அவற்றுக்கு உருவம் கொடுத்தன.

1950ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில், பயன்படாமல் கிடந்த ஓடுபாதையில், சி. ஜே. ஹார்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்தத் தொடங்கினர். அங்கே ஹாட் ராடு கார்க்காரர்களை, அதாவது பழைய கார்களை வேகத்துக்காக மாற்றிக் கட்டியவர்களை, முதலில் திகைக்க வைத்தது கார் அல்ல, மோட்டார் சைக்கிள். செட் ஹெர்பர்ட் உருவாக்கிய 'பீஸ்ட்' என்ற ஹார்லி டேவிட்சன், பெரிய என்ஜின் பூட்டிய கார்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. எடைக்கு ஏற்ற சக்தி இருந்தால் போதும் என்பது அன்று கண்முன் நிரூபணமாயிற்று. அதே ஆண்டில் டிக் கிராஃப்ட் தம் காரின் உடற்கூட்டை முழுவதும் கழற்றிவிட்டு, இரண்டு சட்டங்கள், ஒரு ஃபோர்டு வி8 என்ஜின், ஓர் இருக்கை என்று மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினார். 'பக்' என்று அழைக்கப்பட்ட அந்த எலும்புக்கூட்டை, டிராக் பந்தயத்துக்கென்றே கட்டப்படும் டிராக்ஸ்டர் இனத்தின் மூதாதை என்று கருதுவது நியாயமே.

1951இல் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராடு சங்கத்தை நிறுவினார். சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டு நகரில் நடந்தது. சங்கம் கார்களைப் பல பிரிவுகளாகப் பிரித்தது. என்ஜினின் ஒவ்வொரு கன அங்குலக் கொள்ளளவுக்கும் கார் எத்தனை பவுண்டு எடை இருக்கிறது என்பதே பல பிரிவுகளுக்கு அளவுகோல். இந்தக் கணக்குதான் பட்டறைக்காரர்களைப் பழைய வண்டிகள் கிடக்கும் முற்றங்களுக்கு அனுப்பியது.

'கேசர்' என்று பெயர் பெற்ற பிரிவில் கார் சாதாரணப் பெட்ரோலில் ஓட வேண்டும். விளக்கு, மட்கார்டு போன்ற சாலை உறுப்புகள் இருக்க வேண்டும். ஆனால் எந்தக் கம்பெனியின் உடற்கூட்டிலும் எந்தக் கம்பெனியின் என்ஜினையும் வைக்கலாம். அப்படியானால் கிடைப்பதிலேயே எடை குறைந்த, நீளம் குறைந்த உடற்கூடு எது? விடை வில்லிஸ். ஒஹையோ மாநிலத்தின் டொலிடோவில் தயாரான இந்தக் கார், பொருளாதார மந்தக் காலத்தில் ஏழைக்கேற்ற வாகனமாக 1933இல் வந்தது. அதன் நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு 48 குதிரைத்திறன் மட்டுமே. புதிதாக விற்றபோது அதை வேகத்தோடு இணைத்து யாரும் பேசியதில்லை. இருபது ஆண்டுகள் கழித்து அதே சிக்கனமே அதன் பலமாயிற்று. குட்டையான சேஸிஸ், லேசான தகடு, பெரிய வி8 என்ஜின் நுழையக்கூடிய முன்பகுதி, எல்லாவற்றுக்கும் மேலாக மலிவான விலை.

கேசர்களின் மூக்கு வானைப் பார்த்தபடி நிற்பதற்கும் காரணம் உண்டு. அக்கால டயர்களின் பிடிப்பு போதாது. சக்தியைத் திறந்துவிட்டால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று புகைந்தது. கார் சீறிப் புறப்படும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறது. காரின் உயரம் கூடக்கூட, நீளம் குறையக்குறைய அந்தச் சாய்வு அதிகம். ஆகவே முன் அச்சை உயர்த்தி, என்ஜினை விதி அனுமதித்த அளவு பின்னுக்குத் தள்ளினார்கள். காற்றுக்கு எதிராக நிமிர்ந்து நிற்பது வேகத்துக்குக் கேடு என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. கால் மைலில் புறப்பாடே பாதி வெற்றி என்பதால் அந்த நட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். என்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டிய 6-71 சூப்பர்சார்ஜரும் பந்தயத்துக்குப் பிறந்ததல்ல. பேருந்துகளிலும் லாரிகளிலும் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் என்ஜின்களுக்காகச் செய்யப்பட்ட பாகம் அது.

வில்லிஸ் கார்களின் புகழை உச்சிக்குக் கொண்டுபோனது ஸ்டோன், வுட்ஸ், குக் என்ற மூவர் அணி. ஃப்ரெட் ஸ்டோனும் டிம் வுட்ஸும் கறுப்பினத்தவர், காரின் உரிமையாளர்கள். ஓட்டியவர் வெள்ளையரான டக் குக். நாட்டின் பல பகுதிகளில் இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலத்தில் இந்த மூவரின் பெயர்களும் ஒரே கதவில் ஒன்றாக எழுதப்பட்டிருந்தன. இந்த விளையாட்டின் வரலாற்றில் இதற்கு உரிய இடம் இன்னும் முழுமையாகத் தரப்படவில்லை. அவர்களுடைய 1941 மாடல் 'ஸ்விண்ட்லர்' நீல நிறம். எதிரணியான 'பிக் ஜான்' மஸ்மேனியனின் வில்லிஸ் பளபளக்கும் சிவப்பு. கேம்ஷாஃப்ட் தயாரிப்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று பத்திரிகை விளம்பரங்களில் சவால் விட்டுக்கொண்டார்கள். ஒஹையோவின் ஜார்ஜ் மாண்ட்கமரி 1933 மாடல் வில்லிஸுடன் இருவருக்கும் ஈடுகொடுத்தார்.

வில்லிஸைவிடச் சிறியதைத் தேடியவர்கள் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பார்த்தார்கள். பிரிட்டிஷ் ஃபோர்டான ஆங்கிலியா, 933 சிசி என்ஜினுடன் கடைத்தெருவுக்குப் போய்வரப் பிறந்த கார். அதன் சக்கர இடைவெளி 90 அங்குலம்தான். இத்தாலியின் ஃபியட் டோப்போலினோ இன்னும் சிறியது. 569 சிசி, 13 குதிரைத்திறன். ஜாஸி நெல்சன் 1950களிலேயே டோப்போலினோ கூட்டுக்குள் வி8 என்ஜினை அடைத்துப் பெயர் வாங்கினார். பென்சில்வேனியாவின் பட்லர் நகரில் தயாரான பாண்டம் என்ற குட்டிக் காரின் உடற்கூடு, கேசரைவிட அதிக மாற்றங்களை அனுமதித்த 'ஆல்டர்டு' பிரிவில் பலருக்கும் பிடித்தமானதாயிற்று.  நீளம் குறைந்த கூட்டில் அளவுக்கு மீறிய சக்தி இருந்ததால் இந்த வண்டிகள் நேராக ஓட மறுத்தன. அவற்றை ஓட்டியவர்களின் துணிச்சலைக் குறைத்து மதிப்பிட முடியாது.

எடையே எதிரி என்ற பாடத்துக்கு நேர்மாறான வழியில் போனவை ஸ்டேஷன் வேகன்கள். தொழிற்சாலையில் வந்தபடியே ஓட வேண்டிய 'ஸ்டாக்' பிரிவில், அறிவிக்கப்பட்ட குதிரைத்திறனையும் எடையையும் ஒப்பிட்டுக் கார்களை வகுத்தார்கள். 1955 முதல் 1957 வரையிலான ஷெவ்ரலே வேகன், அதே என்ஜின் உள்ள செடானைவிடக் கனமானது. ஆகவே அது ஒருபடி கீழான பிரிவில் விழுந்தது. கூடுதல் கனமோ பின் அச்சின் மேலேயே உட்கார்ந்து டயருக்குப் பிடிப்பைக் கொடுத்தது. குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டி இப்படித்தான் போட்டிக் காராயிற்று. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலும் இந்தக் கணக்கில் பிழைத்ததே. என்ஜின் ஏற்கெனவே பின்சக்கரங்களின் மேல் இருந்தது. கலிஃபோர்னியாவின் எம்பி நிறுவனம் 1960களில் 'இன்ச் பின்சர்' என்ற பீட்டிலைச் சிறு கார்களுக்கான கேசர் பிரிவுகளில் ஓட்டி வென்றது.

விதி ஒன்றைத் தடுத்தால் வேறொன்று முளைத்தது. தன்னுள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருக்கும் நைட்ரோமீத்தேன் எரிபொருளைச் சங்கம் 1957இல் தடை செய்தது. 1963இல்தான் அது தேசியப் போட்டிக்குத் திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில், எரிபொருளில் கிடைக்காத சக்தியை என்ஜின்களின் எண்ணிக்கையில் தேடினார்கள். தொலைக்காட்சி நடிகரான டாமி ஐவோ முதலில் இரண்டு ப்யூக் என்ஜின்களை அருகருகே பூட்டினார். 1961இல் நான்கு ப்யூக் என்ஜின்களுடன் 'ஷோபோட்' வந்தது. ஒரு ஜோடி முன்சக்கரங்களையும் மற்றொன்று பின்சக்கரங்களையும் சுழற்ற, நான்கு டயர்களும் புகைந்தன. சங்கம் அதைக் காட்சி ஓட்டத்துக்கு மட்டுமே அனுமதித்தது. பின்னாளில் அதே சேஸிஸின் மேல் ப்யூக் ஸ்டேஷன் வேகனின் கூடு ஏறியது. ஒஹையோவின் ஆர்ட் ஆர்ஃபன்ஸ் இன்னும் ஒருபடி போய், போர் விமானங்களில் இருந்த 28 லிட்டர் அலிசன் என்ஜினைத் தம் 'கிரீன் மான்ஸ்டர்' வண்டிகளில் பூட்டினார்.

1965இல் நடந்ததைத் தற்செயல் என்றுதான் சொல்ல வேண்டும். டாட்ஜ் ஏ100 பிக்கப், மூக்கில்லாத சிறிய சரக்கு வண்டி. அதன் கேபினுக்குப் பின்னால், சரக்குத் தட்டில், அரைக்கோள எரியறைகள் கொண்ட 426 கன அங்குல 'ஹெமி' என்ஜினை வைத்தார்கள். நோக்கம் பின்சக்கரப் பிடிப்பு மட்டுமே. சக்தியைத் திறந்ததும் வண்டி முன்சக்கரங்களை ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டது. பந்தயத்துக்கு அது குறை, கூட்டத்துக்கோ பெரும் விருந்து. பில் 'மேவரிக்' கோல்டன் இந்த 'லிட்டில் ரெட் வேகன்' வண்டியைப் பின்சக்கரங்களில் நிறுத்தியபடியே தடம் நெடுக ஓட்டிப் பல பத்தாண்டுகள் தொழில் செய்தார். பிளிமத் பாரகூடாவின் பின்கண்ணாடிக்குக் கீழே ஹெமி என்ஜினை வைத்து ஹர்ஸ்ட் நிறுவனம் கட்டிய 'ஹெமி அண்டர் கிளாஸ்' காரும் இதே வழியில் காட்சி வண்டியானது. முன்சக்கரம் மேலே இருக்கும்போது ஸ்டியரிங் பயன்படாது. இடது, வலது பின்சக்கரங்களைத் தனித்தனி பிரேக்கால் பிடித்துத்தான் இத்தகைய வண்டிகளைத் திருப்ப முடியும்.

அதே ஆண்டில் கிரைஸ்லர் நிறுவனம் சில டாட்ஜ், பிளிமத் கார்களின் பின் அச்சை 15 அங்குலமும் முன் அச்சை 10 அங்குலமும் முன்னே நகர்த்தியது. தேசிய சங்கம் அவற்றைத் தொழிற்சாலைப் பிரிவில் ஏற்க மறுத்தது. அதற்குப் போட்டியாக இருந்த வேறொரு சங்கமும் தனிப் பந்தயங்களும் ஏற்றுக்கொண்டன. சாலைக் காரின் தோற்றமுள்ள கூட்டைப் போர்த்திய பந்தய வண்டிகளான 'ஃபன்னி கார்' பிரிவே இந்த வழியில் வளர்ந்தது. புதிய மஸ்டாங் போன்ற கார்களை விற்க விரும்பிய கம்பெனிகள் அவற்றின் கூட்டையே தடத்தில் காண விரும்பின. டயர்களும் அகன்றன, பிடிப்பும் கூடியது. உயர்ந்து நின்ற பழைய கேசர்களுக்கு இருந்த காரணம் மறைந்தது. 1960களின் இறுதிக்குள் மாண்ட்கமரியும் மஸ்டாங்குக்கு மாறிவிட்டார். வில்லிஸ் கம்பெனி அமெரிக்காவில் பயணிகள் கார் தயாரிப்பை 1955இலேயே நிறுத்திவிட்டது. அதன் 1941 மாடலின் கூடு மட்டும் இன்றும் கண்ணாடி இழையில் வார்த்து விற்கப்படுகிறது.