ராங் சைடு ஸ்டியரிங்

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் விளாடிவஸ்டாக் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. ரஷ்யாவில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். அப்படின்னா ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கணும், இல்லையா? ஆனா இந்த ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டியரிங் நம்மூர் கார் மாதிரி வலது பக்கம்தான்.

இதில் என்ன கஷ்டம்னு கேட்கிறீங்களா? முன்னால் ஒரு லாரி போகுதுன்னு வைத்துக்கொள்ளுங்கள். ஓவர்டேக் பண்ணணும். டிரைவர் உட்கார்ந்திருப்பதோ சாலையோரத்துப் பக்கம். லாரியைத் தாண்டி எதிரே என்ன வருதுன்னு தெரியாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் எட்டிப் பார்த்து "போலாம்"னு சொன்னாத்தான் உண்டு. நம்ம பஸ் கண்டக்டர் "ரைட் ரைட்" சொல்ற மாதிரி :-)

இப்படி உயிரைப் பணயம் வைத்து ஒரு ஊரே ராங் சைடு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பானேன்? அதுக்காக போலீஸ்கிட்ட அடிகூட வாங்கியிருக்காங்க. கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது.

ஜப்பானில் "ஷாகென்" என்று ஒன்று உண்டு. நம்மூர் எஃப்.சி.க்கு அண்ணன். புது கார் வாங்கினால் மூணாவது வருஷம் ஒரு பரிசோதனை, அதற்கப்புறம் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை. பரிசோதனைக் கட்டணம், வண்டியின் எடைக்கு வரி, கட்டாய இன்சூரன்ஸ், ரிப்பேர் செலவு எல்லாம் சேர்ந்து பர்ஸைக் காலி பண்ணிடும். அடுத்த ஷாகென் நெருங்கும்போது பலபேர் "இதுக்கு புது வண்டியே வாங்கிடலாம்"னு முடிவெடுத்துவிடுவார்கள். அதனால் இன்னும் பத்து வருஷம் நன்றாக ஓடக்கூடிய டொயோட்டாக்களும் நிஸ்ஸான்களும் அங்கே அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்.

ஜப்பானிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அதனால் இந்தக் கார்கள் இலங்கைக்கும் நியூசிலாந்துக்கும் அப்படியே பொருந்திப் போயின. இலங்கை நண்பர்களைக் கேட்டால் "ரீகண்டிஷன்" கார் என்று சொல்வார்கள். (நம்மூருக்கு ஏன் அவ்வளவாக வரவில்லை? மூணு வருஷத்துக்கு மேல் பழசான காரை இறக்குமதி செய்யக் கூடாது என்று விதி. மீறாமல் கொண்டுவந்தால் தலையில் வரி.) ரஷ்யாவுக்கோ பொருந்தவே பொருந்தாது. ஆனா விளாடிவஸ்டாக்கிலிருந்து மாஸ்கோவுக்கு ரயில் பாதை 9,288 கிலோமீட்டர். ஜப்பானுக்குக் கப்பலில் ரெண்டே நாள். எது பக்கத்து ஊர்னு நீங்களே சொல்லுங்க.

சோவியத் காலத்தில் கார் வாங்குவது என்பது பேர் எழுதி வைத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருப்பது. நம்மூர் லைசென்ஸ் ராஜ் காலத்து அப்பா, தாத்தாக்களுக்கு இது நன்றாகப் புரியும். சொல்லப்போனால் வண்டிகளும் சொந்தக்காரர்கள்தான். நம்ம பிரீமியர் பத்மினி ஃபியட் 1100-இன் வாரிசு. வோல்கா கரையில் டோக்லியாட்டி நகரத்தில் 1970-இல் வெளிவர ஆரம்பித்த முதல் லாடா, ஃபியட் 124-இன் வாரிசு.

விளாடிவஸ்டாக்கோ பசிபிக் கடற்படையின் தலைமை இடம். வெளிநாட்டுக்காரர்கள் உள்ளேயே வரமுடியாது. 1992 ஜனவரி 1 அன்றுதான் அவர்களுக்கு ஊரைத் திறந்தார்கள். ஆனால் அந்த ஊர் ஆட்கள் கப்பலில் வெளியே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். 80-களின் கடைசியில் மாலுமிகள் தங்களுக்கென்று பழைய கார் வாங்கிவர அனுமதி கிடைத்தது. சென்னை பர்மா பஜாருக்கு சாமான் கொண்டுவரும் "குருவி"களைத் தெரியும்தானே? இவர்கள் கார் குருவிகள். ஜப்பானின் ஒட்டாரு, ஃபுஷிகி துறைமுகங்களுக்கு நண்டும் மீனும் மரமும் ஏற்றிக்கொண்டு போவார்கள். திரும்பி வரும்போது மேல்தளம் முழுக்க கயிறு போட்டுக் கட்டிய கார்கள்.

1991-இல் சோவியத் யூனியன் உடைந்தது. கடற்படையையும் ராணுவத் தொழிற்சாலைகளையும் நம்பியிருந்த ஊரில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கரண்ட்டும் ஒழுங்காக இல்லை. அப்போது கை கொடுத்தது இந்தப் பழைய கார்தான். வாங்கிவர ஒருத்தர், சுங்கப் பேப்பரை முடித்துத் தர ஒருத்தர், டிங்கர் வேலைக்கு, பெயிண்ட் அடிக்க, ஸ்பேர் விற்க ஆளாளுக்கு ஒருத்தர். ஊருக்கு வெளியே மலைச்சரிவில் "பச்சை மூலை" என்ற பெயரில் ஆயிரக்கணக்கான கார்கள் நிற்கும் சந்தையே உருவானது. இன்ஜினியரும் வாத்தியாரும் அந்தச் சந்தையில் தரகர் ஆனார்கள்.

வாங்கிய காரை சைபீரியா வரை ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பது தனித் தொழில். ஹபரோவ்ஸ்க்கிலிருந்து சீத்தா வரை சுமார் 2,000 கிலோமீட்டருக்கு ஒழுங்கான ரோடே கிடையாது. சேறும் ஜல்லியும்தான். கல் தெறித்து பெயிண்ட் போகாமலிருக்க பானட், பம்பரை எல்லாம் அட்டையும் டேப்பும் போட்டு மூடிக்கொண்டு ஓட்டுவார்கள். நடுவழியில் மாமூல் கேட்கும் ரவுடிகள் வேறு.

மாஸ்கோவின் பார்வை வேறு. இப்படி வர்ற ஒவ்வொரு டொயோட்டாவும் விற்காமல் போன ஒரு லாடா என்பது அவர்கள் கணக்கு. 2002-இல் ஏழு வருஷத்துக்கு மேல் பழசான கார்களுக்கு வாங்கவே முடியாதபடி வரியை ஏற்றினார்கள். 2005-இல் வலது ஸ்டியரிங்கையே தடை பண்ணப் போறாங்கன்னு பேச்சு வந்தபோது, கார்க்காரர்கள் ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போராடினார்கள். அந்தப் பேச்சு அப்படியே அடங்கியது.

2008 கடைசியில் உலகப் பொருளாதார நெருக்கடி. டோக்லியாட்டி ஆலையைக் காப்பாற்ற வேண்டும். புதின் அப்போது பிரதமர். ஏழு வருஷ வரம்பை ஐந்தாகக் குறைத்து, வரியையும் உயர்த்தி உத்தரவு வந்தது. 2009 ஜனவரி 12 முதல் அமல்.

டிசம்பர் 14-ஆம் தேதி விளாடிவஸ்டாக்கில் ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஏர்போர்ட் சாலை மறிக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு, 21-ஆம் தேதி, மறுபடியும் சதுக்கத்தில் கூடினார்கள். இந்தத் தடவை கலவரத் தடுப்புப் போலீஸ் மாஸ்கோ பக்கத்திலிருந்து விமானத்தில் வந்து இறங்கியிருந்தது. கூட்டத்தில் நின்றவர்கள் புத்தாண்டு மரத்தைச் சுற்றிக் கைகோர்த்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். படமெடுத்த பத்திரிகையாளர்களும் தப்பவில்லை. சம்பளம் வராதபோதும் கரண்ட் இல்லாதபோதும் தலைநகரம் இவ்வளவு வேகமாக ஆள் அனுப்பவில்லை என்பதுதான் எனக்கு உறைத்தது.

வரி வேலை செய்ததா? செய்தது. 2008-இல் ஜப்பானிலிருந்து ரஷ்யாவுக்குப் போன பழைய கார்கள் 5 லட்சத்துக்கும் மேல். 2009-இல் அதில் பத்தில் ஒரு பங்குதான்.

ஆனா சட்டத்தில் ஒரு பக் இருந்தால் யூசர் அதைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டான், இது நம்ம ஃபீல்டில் தினமும் பார்ப்பதுதானே! காருக்குத்தான் வரி, ஸ்பேர் பார்ட்ஸுக்கு அவ்வளவு இல்லை. உடனே ஜப்பானிலேயே இன்ஜினையும் சக்கரத்தையும் கழற்றி, பாடியைத் தனியாக அனுப்பி, இந்தப் பக்கம் வந்ததும் மறுபடி பூட்டினார்கள். இதற்கு "கன்ஸ்ட்ரக்டர்" என்று பெயர். பாடியை ரெண்டாக அறுத்துக் கொண்டுவந்து வெல்டிங் வைத்து ஒட்டியவை "ரஸ்பில்". நல்ல நிலையில் வந்துகொண்டிருந்த கார்களை நடுவில் அறுத்து ஒட்டிய கார்களாக மாற்றியதுதான் அந்த வரியின் சாதனை. அதில் குழந்தை குட்டியோடு போகிறவர்களை நினைத்தால் பகீர்னு இருக்கு.

அரசாங்கம் சமாதானமும் செய்து பார்த்தது. 2009 டிசம்பரில் அந்த ஊரின் கப்பல் பழுதுபார்க்கும் ஆலை வளாகத்தில் கொரியாவின் சாங்யாங் கார்களைப் பூட்டும் தொழிற்சாலை திறந்தார்கள். 2010 ஆகஸ்டில் புதின் ஹபரோவ்ஸ்க்கிலிருந்து சீத்தா வரை போட்ட புது நெடுஞ்சாலையில் மஞ்சள் நிற லாடா கலினாவைத் தானே ஓட்டிக் காட்டினார். அட்டை கட்டி ஓட்டினார்களே, அதே வழிதான். ரோட்டோரம் நின்றவர்கள் எடுத்த வீடியோவில், பின்னால் வந்த நீண்ட வரிசையில் ஸ்பேராக அதே மஞ்சள் கலினாக்கள். ஒன்று டோ வண்டி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. ஊரே சிரித்தது.

அப்புறம் வியாபாரம் மெல்ல மெல்ல எழுந்தது. உக்ரைன் போருக்குப் பின் 2022-இல் வெளிநாட்டு கம்பெனிகள் ரஷ்யாவை விட்டுப் போனபோது பழைய ஜப்பான் கார்களுக்கு மறுபடி கிராக்கி. இந்தத் தடவை கதவைச் சாத்தியது ஜப்பான். 2023 ஆகஸ்டில் 1,900 சி.சி.க்கு மேற்பட்ட கார்களையும் ஹைப்ரிட், மின்சாரக் கார்களையும் ரஷ்யாவுக்கு அனுப்பத் தடை போட்டது.

முதலில் மாஸ்கோ, அப்புறம் டோக்கியோ. ரெண்டு தலைநகரங்களும் தங்களுக்கு நியாயமான காரணம் வைத்திருக்கின்றன. குறிப்பாக போரை வைத்துப் போட்ட தடையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா 2008-இல் அந்தச் சதுக்கத்தில் நின்றவர்கள் கேட்டது மானியமோ வேலையோ இல்லை. அரசாங்கம் கைவிட்டபோது நாங்களே தேடிக்கொண்ட பிழைப்பை விட்டுவிடுங்கள் என்பது மட்டும்தான். அதைக் கேட்டதுக்கு தடியடி கொஞ்சம் ஓவர்தான், என்ன சொல்றீங்க?