ஏழு நிமிடங்கள் எங்கே போயின? சட்டக வீதம் பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் ஸ்ட்ரீமிங் பெட்டிகளிலும், ‘கோடி’ போன்ற இயக்கி மென்பொருள்களிலும் ஓர் அமைப்பு உண்டு. திரையின் புதுப்பிப்பு வீதத்தைக் காணொளியின் சட்டக வீதத்தோடு (ஒரு விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதோடு) பொருத்துவது அதன் வேலை. பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. படம் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் பழைய இந்தியத் திரைப்படங்களைக் குறுந்தகடுகள் வழியாகவும் தொலைக்காட்சிப் பதிவுகள் வழியாகவும் ஆராய்வோருக்கு இது மூல ஆவணத்தின் நம்பகத்தன்மை பற்றிய கேள்வி. அந்தச் சிறிய அமைப்புக்குப் பின்னால் திரைப்படச் சுருளுக்கும் மின்சாரத்துக்கும் இடையே நெடுங்காலமாகத் தொடரும் ஒரு பொருத்தமின்மை இருக்கிறது.

மௌனப்பட காலத்தில் நிலையான வேகம் என்று ஒன்று இருந்ததில்லை. 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’வை பால்கே எடுத்தபோது கேமராவைக் கையால் சுழற்றித்தான் எடுத்தார்கள், திரையிட்டவரும் தம் விருப்பம்போல் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள முடிந்தது. சுருளிலேயே ஒலி ஏறியதும் அந்தச் சுதந்திரம் முடிந்தது. வேகம் சற்று மாறினாலும் குரலின் சுருதி மாறிவிடும். எனவே 1920களின் இறுதியில் ஹாலிவுட் விநாடிக்கு 24 சட்டகம் என்று நிலைப்படுத்தியது. 1931இல் ‘ஆலம் ஆரா’வோடு பேசத் தொடங்கிய இந்தியத் திரைப்படமும் அந்த வழியிலேயே சென்றது.

தொலைக்காட்சி 24ஐ ஏற்கவில்லை. அதன் தாளத்தை முடிவு செய்தது மின்சார வலையமைப்பு. படத்தின் வீதமும் மாறுமின்னோட்டத்தின் அலைவும் வேறுபட்டால், அன்றைய பெட்டிகளில் மங்கலான பட்டையொன்று படத்தின் குறுக்கே ஊர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அது அசையாமல் நின்றுவிடும். எனவே 1936இல் பிபிசி தன் ஒளிபரப்பை பிரிட்டனின் 50 ஹெர்ட்ஸுக்கும், 1941இல் அமெரிக்கா தன் தரத்தை 60 ஹெர்ட்ஸுக்கும் இசைவித்துக்கொண்டன. ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் மறுமுறை என்று பின்னி அனுப்பியதால், விநாடிக்கு 50 அரைச்சட்டகங்கள் 25 முழுச் சட்டகங்களாயின. 60 அரைச்சட்டகங்கள் 30 ஆயின.

24ஐ 60க்குள் அடைக்க அமெரிக்கர்கள் கண்ட வழி, ஒரு சட்டகத்தை இருமுறை, அடுத்ததை மும்முறை காட்டுவது. ஓட்ட நேரம் மாறவில்லை. அசைவில் மட்டும் ஒரு நொண்டல் ஏறியது. 1953இல் வண்ண ஒளிபரப்புத் தரம் வந்தபோது, வண்ணத் தகவலைச் சுமக்கும் அலை ஒலியலையோடு மோதாதிருக்க 30ஐ 1001இல் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். இன்று இணையத்தில் கிடைக்கும் திரைப்படக் கோப்புகள் பலவற்றில் காணும் 23.976 என்ற விசித்திர எண்ணும் அந்தச் சமரசத்தின் வாரிசுதான்.

50 ஹெர்ட்ஸ் உலகம் வேறு வழியில் சென்றது. 24க்கும் 25க்கும் இடைவெளி ஒன்றே ஆகையால், படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவதே எளிது. 1959 செப்டம்பர் 15இல் டெல்லியில் தொடங்கிய இந்தியத் தொலைக்காட்சி 625 வரி, 50 ஹெர்ட்ஸ் முறையைச் சார்ந்தது; 1982இல் வண்ணம் வந்தபோது பால் முறையும் அதன்மேல்தான் அமைந்தது. இம்முறையில் வேகமூட்டப்பட்ட படம் சுமார் 4 விழுக்காடு விரைந்து ஓடும். ஐந்து நிமிடப் பாடல் 4 நிமிடம் 48 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும் முக்கால் அரைச்சுரம் அளவுக்கு உயரும்: ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டையை நெருங்கி நிற்கும். ‘சித்ரஹார்’, ‘ஒளியும் ஒலியும்’ ஆகியவற்றின் வழியாகத் திரைப்பாடலை அறிந்த தலைமுறையின் செவி நினைவை ஆராய்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளவேண்டும். சுருதியைத் திருத்தும் கருவிகள் பின்னர் வந்தன. எந்தப் பிரதி திருத்தப்பட்டது என்பதைச் செவியால்தான் கண்டறிய வேண்டும்.

மூன்று மணி நேரப் படமொன்றைப் பால் முறை விசிடியில் பார்க்கிறோம். 172 நிமிடம் 48 விநாடியில் முடிந்துவிடுகிறது. ஏழு நிமிடங்களைக் காணோம். தணிக்கையின் கத்திரி, விநியோகஸ்தரின் வெட்டு என்று இதன்மேல் ஓர் அத்தியாயமே எழுப்பிவிடலாம், ஒரு சட்டகம்கூட வெட்டப்படாமலே! சரிபார்க்கும் வழி எளிது. தணிக்கைச் சான்றிதழில் சுருளின் நீளம் மீட்டரில் இருக்கும். 35 மி.மீ. சுருள் 24 சட்டக வேகத்தில் நிமிடத்துக்கு 27.43 மீட்டர் ஓடும். 4,938 மீட்டர் என்றால் 180 நிமிடம். பிரதியின் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தும் அது எட்டாவிட்டால், அப்போது வெட்டைப் பற்றிப் பேசலாம். வெளிநாட்டுச் சந்தைக்கான இந்திய டிவிடிகள் பல அமெரிக்க முறையில் வந்தவை. அவற்றின் நேரம் சரியாக இருக்கக்கூடும். ஆனால் சில, ஏற்கெனவே 25க்கு வேகமூட்டிய பிரதியிலிருந்து மாற்றப்பட்டவை. அசையும் உருவங்களைச் சுற்றி இரட்டை நிழல் தெரிந்தால் ஐயுறுங்கள்.

இனி, இயக்கியின் அமைப்புக்கு வருவோம். நம் பெட்டிகள் பெரும்பாலும் 60 ஹெர்ட்ஸில் இயங்குகின்றன. 25 சட்டகக் கோப்பை அதில் ஓட்டினால் ஐந்து சட்டகங்கள் பன்னிரண்டு புதுப்பிப்புகளில் அடைபட வேண்டும்; சில சட்டகங்கள் இருமுறையும் சில மும்முறையும் தோன்றும். கேமரா மெல்லப் பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் இது வெட்டி வெட்டி இழுப்பதாகத் தெரியும். காட்சியமைப்பை ஆராயும் மாணவர் இதை ஒளிப்பதிவாளரின் கைநடுக்கம் என்று எழுதிவிடக்கூடும். திரையை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் ஒவ்வொரு சட்டகமும் சரியாக இருமுறை தோன்றும். 23.976 கோப்பைச் சரியாக 24 ஹெர்ட்ஸ் திரையில் ஓட்டினாலும் சுமார் 41 விநாடிக்கு ஒருமுறை ஒரு சட்டகம் கூடுதலாகத் தங்கும். அது அவ்வளவாகத் தெரியாது. ஆப்பிள் தன் பெட்டியில் இவ்வசதியை 2017இன் இறுதியில் சேர்த்தது. ஆண்ட்ராய்டு டிவியிலும் பின்னர் வந்தது. வீதம் மாறும்போது திரை ஓரிரு விநாடி கருத்துப்போவதைப் பலர் விரும்புவதில்லை.

இவ்வமைப்பு தாளத்தைத்தான் சீராக்கும், வேகத்தை மீட்காது. அதற்கு இயக்கியின் வேகத்தை 0.96 மடங்காகக் குறைக்கவேண்டும், 24ஐ 25ஆல் வகுத்தால் வருவது அதுதான். அப்போது சுருதியை மாறாமல் காக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விஎல்சி போன்றவற்றில் அது தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அணைக்காவிட்டால் நேரம் திரும்பும், சுருதி திரும்பாது. தொலைக்காட்சிக்கென்றே வீடியோ கேமராவில் எடுத்த நாடகங்களுக்கும் செய்திகளுக்கும் இக்கணக்கு பொருந்தாது. அவை முதலிலிருந்தே 50 அரைச்சட்டகங்களாகப் பிறந்தவை. 25 ஆகச் சுருக்கி இணையத்தில் ஏற்றியபோது அவற்றின் அசைவில் பாதி போய்விட்டது. அதை எந்த அமைப்பும் திருப்பித் தராது.