தொடுகை எப்போது செல்லும்: கபடியின் லாபி விதியை வாசிக்கும் முறை

கொட்டிவாக்கம் குப்பத்து மணலில் குதிகாலால் கோடு கிழித்து ஆடும் கபடிக்கு லாபி தேவைப்படுவதில்லை. முறைப்படுத்தப்பட்ட கடற்கரைக் கபடியிலும் அது கிடையாது. பக்கத்துக்கு நால்வர், கோட்டைத் தாண்டினால் அவுட். மணலில் பழகிய பையன் உள்ளரங்கப் பாயில் கால்வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஆண்களுக்கான 13 மீட்டர் நீள, 10 மீட்டர் அகலக் களத்தின் இரு ஓரங்களிலும் ஒரு மீட்டர் லாபி. பாடிப் போகிறவரும் பிடிப்பவர்களும் ஒருவரையொருவர் தொடும்வரை அது களத்துக்கு வெளியே. தொட்ட நொடியில் அதுவும் களம்.

இந்த விதி எவ்வளவு வழுக்கலானது என்பதை 2023 அக்டோபர் 7 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் ஆண்கள் இறுதிப்போட்டி காட்டியது. இந்தியாவும் ஈரானும் 28-28. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் சொச்சம். இந்தியாவுக்காகப் பாடிப் போன பவன் செராவத் யாரையும் தொடாமலே லாபிக்குள் கால்வைத்தார். பிடிக்கும் வேகத்தில் ஈரான் வீரர்களும் பின்னாலேயே புகுந்தார்கள். பாடிப் போனவர் மட்டும் அவுட்டா, துரத்திப் போனவர்களும் அவுட்டா? இந்தியாவின் புரோ கபடி லீக் வழக்கப்படி ஒரு விடை, சர்வதேச விதிப்படி இன்னொரு விடை. நடுவர்கள் முடிவை மாற்றி மாற்றிச் சொல்ல, ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29 என வென்றது.

துரத்தியவர்களும் அவுட் என்போரின் வாதம் எளிது: தொடுகை நிகழவில்லை, ஆகவே லாபி எல்லோருக்கும் வெளிதான். சொல்லளவில் இதில் பிழையில்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். செராவத்தின் கால் லாபியில் பட்டதுமே அந்தப் பாடல், அதாவது ரெய்டு, முடிந்துவிட்டது. முடிந்த பாடலில் பிறகு யார் எங்கே மிதித்தால் என்ன? இல்லையென்றால், தானே அவுட்டாகி நாலு பேரை இழுத்துக்கொண்டு போகிறவருக்கு அவருடைய தவறே லாபமாகும். நம் அணி வென்ற போட்டி என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து இதே முடிச்சை நேரம் பிரித்து அவிழ்த்தது. அங்கே பந்து வாங்கத் தகுதியுள்ளவரைத் தடுப்பவர், 1978 முதல், ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து கஜம்வரைதான் முட்டித் தடுக்கலாம். அதைத் தாண்டி, பந்து கையைவிட்டுப் போகும் முன் முட்டினால் குற்றம். பந்தை எறிய வேண்டியவர் தன் காப்பு வளையத்தைவிட்டு ஓடினால் அந்தத் தடை நீங்கும். பந்து காற்றில் இருக்கும்போது வேறு விதி. முட்டல் ஒன்றேதான், எந்த நொடியில் நடந்தது என்பதே தீர்ப்பு.

கபடி விதிநூலும் பாடல் எந்த நொடியில் முடிகிறது என்பதை ஒரே வாக்கியத்தில், எல்லாப் போட்டிகளுக்கும் பொதுவாக, எழுதிவைக்க வேண்டும். அந்த வாக்கியம் தமிழிலும் அச்சாகி, குப்பத்துப் பையனின் கைக்கு முதலில் போய்ச் சேர வேண்டும்.