கோதமையின் வழக்கு

காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டில் பேய் ஒன்று தலையை ஏந்தி ஆடக் கண்டு, அஞ்சி உயிர்விட்டவன் சார்ங்கலன் என்னும் பார்ப்பன இளைஞன். அவன் உடலைத் தழுவியபடி இருளில் அச்சுடுகாட்டுக் கோட்டத்தின் வாயிலுக்கு வந்து, காவல் தெய்வமான சம்பாபதியைக் கூவி அழைக்கிறாள் தாய் கோதமை. மணிமேகலைக் காப்பியத்தின் ஆறாம் காதையில் சாத்தனார் சொல்லும் கதை இது.

பேய் உன் மகன் உயிரை உண்ணவில்லை, அவன் வினையே அதைக் கொண்டுபோயிற்று என்கிறது தெய்வம். கோதமை விடுவதாக இல்லை. கண்ணிழந்த கணவனை இவன் காப்பான், என் உயிரை எடுத்துக்கொண்டு இவனைத் தா என்கிறாள். உடலை விட்ட உயிர் வினைவழியே அடுத்த பிறப்புக்குள் புகுந்துவிடும், அதை மீட்க முடியாது; மாற்றுயிர் ஏற்கப்படுமானால் மன்னருக்காக உயிர் கொடுப்பார் இல்லாமலா போனார்கள், இக்காட்டில் இறந்த அரசர்களுக்கும் நினைவுக் கோட்டங்கள் உண்டே என்று மறுமொழி வருகிறது. தெய்வங்கள் வரம் தருமென வேதம் சொல்கிறதே என்று அவள் மேலும் வழக்காடுகிறாள். சம்பாபதி சினக்கவில்லை. சக்கரவாளத்துத் தேவர் அனைவரையும் வரவழைத்து, அவர்கள் வாயாலும் அதையே சொல்ல வைக்கிறாள். அதன் பிறகே கோதமையின் துயர் நீங்குகிறது; மகனை ஈமத்தில் இட்டுத் தானும் இறக்கிறாள்.

பாலி மரபின் கிசா கோதமி கதை நினைவுக்கு வராமல் இராது. இறந்த குழந்தையோடு வந்த அவளை, சாவு நேராத வீட்டில் கடுகு வாங்கி வரச் சொன்னார் புத்தர். சாவு எல்லாருக்கும் பொது என்பதே அங்கே ஆறுதல். சாத்தனாரோ உயிர் அடுத்த பிறப்புக்குச் செல்கிறது என்கிறார். ஆனால் மகனை மறுபடி காண்பாய் என்று எந்தத் தெய்வமும் சொல்லவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கிறது. சொன்ன கொள்கையைவிட, கோதமை கேட்டதையெல்லாம் கேட்கவிட்ட சம்பாபதியின் பொறுமைதான் அவளைத் தேற்றியது என்றும் எனக்குத் தோன்றுகிறது.

மறுபிறப்பை அறிந்துவிட்டால் அழுகை நின்றுவிடுமா? மணிபல்லவத் தீவில் தன் முற்பிறப்பை அறிந்தவள் காப்பியத் தலைவி மணிமேகலை. தன்னை விரும்பிய இளவரசன் உதயகுமரன் அப்பிறப்பில் தன் கணவன் இராகுலன் என்பதும் அவளுக்குத் தெரியும். அவன் வெட்டுண்டு கிடந்தபோது அவளும் புலம்பியே நெருங்குகிறாள்; தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவைதான் தடுக்க வேண்டியிருந்தது.

மகனை இழந்த உதயகுமரனின் தாய் இராசமாதேவி, மணிமேகலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு பலவாறு வருத்திப் பார்த்தாள். ஒன்றும் பலிக்காமல் நடுங்கியவளிடம் மணிமேகலை கேட்கிறாள்: முற்பிறப்பில் அவன் பாம்பின் நஞ்சால் இறந்தானே, அன்று நீ எங்கிருந்து அழுதாய்? இப்போது அழுவது உடலுக்கா, உயிருக்கா? உடலுக்கென்றால் அதைப் புறங்காட்டில் இட்டவர் யார்? உயிருக்கென்றால் அது எங்கே புகுந்ததென்று அறிய முடியாது. ஆகவே எல்லா உயிருக்கும் இரங்கு.

இழவு வீட்டில் இன்று யாராவது இப்படிப் பேசினால் எழுந்து போகச் சொல்லிவிடுவார்கள். இதைச் சொல்ல அவளுக்கு உரிமை தந்தது அவளும் அவனை இழந்தவள் என்பதே. தேவி மனம் தெளிந்து அவளைத் தொழுகிறாள். அது தகாது என்கிறாள் மணிமேகலை; நீங்கள் என் கணவனைப் பெற்றவர், அரசனின் பெருந்தேவியும்கூட என்று சொல்லி எதிர்வணங்குகிறாள்.