கைப்பற்றிய பொருளும் வெளிப்பட்ட அறிவும்: கொலை வழக்குப் புலனாய்வில் ஒப்புதல் வழிச் சான்றின் மதிப்பு

தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி வரிசை மனப்பாடமாகிவிடும். எதிரி கைது செய்யப்படுகிறார். கிராம நிர்வாக அலுவலரும் அவருடைய உதவியாளரும் சாட்சிகளாக வரவழைக்கப்படுகிறார்கள். எதிரி தாமாக முன்வந்து ஒப்புதல் வாக்குமூலம் தருகிறார். பிறகு காவலர்களை அழைத்துச் சென்று, முட்புதரிலிருந்தோ ஓட்டுக் கூரையின் இடுக்கிலிருந்தோ அரிவாளை எடுத்துக் கொடுக்கிறார். மகஜர் எழுதப்படுகிறது, சாட்சிகள் கையெழுத்திடுகிறார்கள். நேரில் கண்டவர்கள் பின்னர் நீதிமன்றத்தில் பிறழ்சாட்சிகளாகிவிட்டால், அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருப்பது அந்த அரிவாளையும் அந்த மகஜரையும்தான்.

காவலில் இருப்பவரின் ஒப்புதல் வாக்குமூலத்தில் ஒரு பகுதியைச் சட்டம் ஏற்கிறது. பொருள் கிடைத்துவிட்டது என்பது அதற்குக் காரணமன்று. பொருள் இருந்த இடத்தை எதிரி அறிந்திருந்தார் என்ற உண்மை அதன்வழி வெளிப்பட்டதே காரணம். நம் புலனாய்வு நடைமுறையோ பொருளுக்கு ஆவணம் சேர்க்கிறது, அறிவுக்குச் சேர்ப்பதில்லை. 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களும் கேமராவைக் கைப்பற்றலின் பக்கமே நிறுத்தியிருக்கின்றன. எதிரியிடம் கேள்வி கேட்கப்படும் இடத்துக்கு அந்தக் கேமரா வராதவரை இக்குறை தீராது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கைதுக்கு முன் பிறக்கும் சான்றுகள்

ஒப்புதல் வழிச் சான்றின் தனித்தன்மை புரிய, அதற்கு முன் சேரும் சான்றுகளின் இயல்பை அறிய வேண்டும். கொலை பற்றிய தகவல் வந்ததும் முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. அது தாமதமின்றிக் குற்றவியல் நடுவருக்குப் போக வேண்டும். கிடைத்த நாளையும் நேரத்தையும் எழுதி நடுவர் கையொப்பமிடுகிறார். விசாரணை அதிகாரி சம்பவ இடத்தில் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாரிக்கிறார். ரத்தக்கறை படிந்த மண்ணையும் ஒப்பீட்டுக்காகக் கறையில்லாத மண்ணையும் தனித்தனியே எடுக்கிறார். பஞ்சாயத்தார் முன்னிலையில் பிரேத விசாரணை நடக்கிறது. பிறகு ஒரு காவலரின் பொறுப்பில் உடல் பிணக்கூறாய்வுக்குப் போகிறது.

இவற்றின் வலிமை, காவல்துறைக்கு வெளியே இருக்கும் ஒருவர் நேரத்தைப் பதிகிறார் என்பதில் இருக்கிறது. அறிக்கை எப்போது வந்தது என்பதற்கு நடுவரின் கையொப்பமும், உடல் எப்போது வந்தது என்பதற்கு மருத்துவமனைப் பதிவும் சாட்சி. முதல் தகவல் அறிக்கை தாமதமானால் நிகழ்ச்சி திரித்துக் கூறப்பட இடமுண்டாகிறது என்று துலியா காளி எதிர் தமிழ்நாடு அரசு (1972) வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. அறிக்கை சொல்லப்பட்ட நேரத்தில்தான் பதிவானதா என்று சோதிக்க, நடுவருக்குப் போன படியையும் பிரேத விசாரணை அறிக்கையையும் புறச் சோதனைகளாகக் கொள்ள வேண்டும் என்று மெஹராஜ் சிங் (1994) வழக்கில் அதே நீதிமன்றம் விளக்கியது.

1952இல் சென்னையை உலுக்கிய ஆளவந்தார் கொலை வழக்கு இத்தகைய சான்றுகளின் ஆற்றலைக் காட்டியது. தலையற்ற உடல் ஒரு டிரங்குப் பெட்டிக்குள், தனுஷ்கோடி நோக்கிச் சென்ற ரயிலில், மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையவையே என்று நிறுவியது தடயவியல் மருத்துவம். அங்கே சான்று உடலிலிருந்து ஆளை நோக்கி நடந்தது. ஒப்புதல் வழிக் கைப்பற்றலில் இத்திசை தலைகீழாகிறது: ஆள் முதலில் கிடைக்கிறார், அவரிடமிருந்து பொருளை நோக்கிப் புலனாய்வு போகிறது. அந்தப் பயணம் தொடங்கும் நேரத்தை வெளியார் எவரும் பதிவதில்லை.

விதிவிலக்கின் வரலாறு

காவலரிடம் தரும் ஒப்புதலைச் சான்றாக ஏற்பதில்லை என்ற விதிக்குச் சென்னை மாகாணத்தின் துயர வரலாற்றோடு நெருங்கிய தொடர்புண்டு. வரி வசூலுக்கும் ஒப்புதல் பெறுவதற்கும் சித்திரவதை பரவலாகக் கையாளப்பட்டதை, 1855இல் அறிக்கை தந்த சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணை ஆணையம் உறுதிசெய்தது. 1859இல் மாகாணக் காவல் சட்டம் வந்தது. காவலரிடம் தந்த ஒப்புதலை விலக்கும் விதிகளையும், கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த பகுதியை மட்டும் ஏற்கும் விதிவிலக்கையும் 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தன் 148, 149, 150ஆம் பிரிவுகளில் வகுத்தது. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் உருவாக்கிய 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் அவை 25, 26, 27ஆம் பிரிவுகளாயின. இன்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 23ஆம் பிரிவில் முன்னிரண்டும் உட்பிரிவுகளாகவும், பழைய 27 அவற்றின் வரம்புரையாகவும் நிற்கின்றன.

இவ்வரலாறு ஒன்றைத் தெளிவாக்குகிறது. 27ஆம் பிரிவு தனித்து நிற்கும் சான்று விதியாகப் பிறக்கவில்லை. சித்திரவதைக்கு அஞ்சி எழுப்பிய மதிலில் விட்டுவைத்த சிறு வாயில் அது. வாயிலை எவ்வளவு அகலப்படுத்துகிறோமோ அவ்வளவுக்கு மதில் பயனற்றுப்போகும்.

கோட்டையா தீர்ப்பு சொன்னது

வாயிலின் அகலத்தை வரையறுத்த தீர்ப்பும் அன்றைய சென்னை மாகாணத்து வழக்கிலிருந்தே வந்தது. குண்டூர்ப் பகுதியில் நடந்த மோதலில் எழுந்த கொலை வழக்கு அது. ஈட்டியை வைக்கோற்போரில் ஒளித்துவைத்ததாக எதிரி சொன்ன வாக்குமூலம் பிரிவி கவுன்சில் வரை போனது. 1946 டிசம்பரில் வழங்கப்பட்ட புலுகுரி கோட்டையா தீர்ப்பு, வெளிப்பட்ட உண்மை என்பதும் கிடைத்த பொருள் என்பதும் ஒன்றல்ல என்றது. பொருள் எடுக்கப்பட்ட இடமும், அதுபற்றி எதிரிக்கு இருந்த அறிவும் சேர்ந்ததே வெளிப்பட்ட உண்மை. வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்திருப்பதாக ஒருவர் சொல்லி, கத்தி கிடைத்தால், ஒளிக்கப்பட்டதை அவர் அறிந்திருந்தார் என்பது வெளிப்படுகிறது. அதே கத்தியால் இன்னாரைக் குத்தினேன் என்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. கத்தியின் கடந்தகாலம் அதன் இருப்பிடத்தோடு சேர்ந்து வெளிப்படுவதில்லை.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது: காவலர் முன்பே அறிந்திருந்த ஒன்றில் வெளிப்பாடு எதுவும் இல்லை. இரண்டாவது: எதிரியின் சொல் முந்தியது, காவலரின் அறிவு பிந்தியது என்ற வரிசை மெய்ப்பிக்கப்பட வேண்டும்.

இவ்வரிசை ஐயமின்றி அமையும்போது இவ்விதி எவ்வளவு வலிமை பெறும் என்பதற்குப் புதுச்சேரியிலிருந்து எழுந்து, 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெருமாள் ராஜா வழக்கு சான்று. வேறொரு கொலை தொடர்பான விசாரணையின்போது எதிரி சொன்ன தகவலால், காவலர் அதுவரை அறிந்திராத மற்றொரு கொலை தெரியவந்தது. தரையடித் தொட்டியிலிருந்து மனித எச்சங்கள் கிடைத்தன. அங்கே வெளிப்பட்ட அறிவு உண்மையிலேயே எதிரியிடம் மட்டும் இருந்த அறிவு. ஊரார் நடமாடும் புதரிலிருந்து எடுக்கப்படும் அரிவாள் தானாக அந்தத் தகுதியைப் பெறாது. பொது இடம் என்பதாலேயே கைப்பற்றல் செல்லாததாகிவிடாது என்பது ஜீத் சிங் (1999) வழக்கில் சொல்லப்பட்ட நெறி. ஆனால் இடம் எவ்வளவு திறந்ததோ, அவ்வளவுக்கு வரிசையைக் காட்டும் ஆவணம் வலுவாக இருக்க வேண்டும்.

அறிவுக்கு ஆவணம் எங்கே?

மகஜரில் பொருளின் நீளம், அகலம், கறை, பிடியின் தன்மை எல்லாம் இருக்கும். எதிரியிடம் கேட்ட முதல் கேள்வி எது, அவர் எந்தச் சொற்களில் பதில் சொன்னார், சாட்சிகள் வருவதற்கு முன் எவ்வளவு நேரம் விசாரிக்கப்பட்டார், அதற்குள் காவலருக்கு என்ன தெரிந்திருந்தது என்பவை இருப்பதில்லை. வாக்குமூலம் காவலரின் நடையில் எழுதப்படுகிறது. அதில் ஏற்கத்தக்க பகுதி மட்டும் நீதிமன்றத்தில் குறியீடு செய்யப்படுகிறது.

ராமானந்த், சுப்பிரமண்யா ஆகிய இரு வழக்குகளிலும் 2022இல் உச்ச நீதிமன்றம் இக்குறையைத் தொட்டது. சார்பற்ற சாட்சிகளை முதலில் அழைக்க வேண்டும்; அவர்கள் முன்னிலையில் எதிரியின் சொந்தச் சொற்களிலேயே வாக்குமூலத்தை எழுத வேண்டும்; அதன் பிறகே இடம் நோக்கிப் புறப்பட வேண்டும் என்று அது விளக்கியது. கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக்கும் வழக்கம் இதற்கு முழு விடையாகாது. அரசு ஊழியரான அவர் பிறழ்சாட்சியாக மாறுவது அரிது என்பது உண்மையே. ஆனால் அவர் வருவதற்கு முன் நடந்தவற்றுக்கு அவர் எப்படிச் சாட்சியாக முடியும்?

தடயவியல் இந்த இடைவெளியை எப்போதும் நிரப்பிவிடுவதில்லை. அரிவாளில் இருப்பது மனித ரத்தம் என்று அறிக்கை வரும். எந்த வகை என்று கண்டறிய இயலவில்லை என்பதும் அதே அறிக்கையில் இருக்கலாம். அப்போது எதிரியையும் ஆயுதத்தையும் இணைக்கும் ஒரே கண்ணி அந்த அறிவுதான். மரபணுச் சோதனையிலும் மாதிரி வந்து சேர்ந்த பாதை முக்கியம். சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நடந்த இரட்டைக் கொலை தொடர்பாக 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை விடுவித்தது. மாதிரிகள் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறிய வரலாற்றுக்குத் தனிப் பதிவேடு வேண்டும் என்று பணித்தது. மாதிரிக்குத் தேவைப்படும் பதிவேடு எதிரியின் சொல்லுக்கும் தேவை.

புதிய சட்டத்தின் கேமரா

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176(3). இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆனால் காவலில் தரப்படும் வாக்குமூலத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இச்சட்டத்தில் இல்லை.

விளைவு கவலைக்குரியது. எதிரி புதருக்குள் கைவிட்டு அரிவாளை எடுக்கும் காட்சி நீதிமன்றத் திரையில் ஓடும்போது அதன் தாக்கம் எழுத்து மகஜரைவிடப் பன்மடங்கு இருக்கும். அது மெய்ப்பிப்பதோ எடுத்தலை மட்டுமே. எங்கே கைவிட வேண்டும் என்று அவர் அறிந்தது எப்படி என்ற கேள்வி அக்காட்சிக்கு வெளியே நிற்கிறது. கோட்டையா தீர்ப்பு விலக்கிய பிழை, பொருளையே வெளிப்பட்ட உண்மையாகக் கொள்ளும் பிழை, காணொளியின் வழியாகத் திரும்பி வரக்கூடும்.

மறுப்புகள்

விசாரணையைப் பதிவு செய்தால் எதிரிகள் வாய் திறக்கமாட்டார்கள், துப்புத் துலங்காது என்பது முதல் மறுப்பு. பதிவு இருந்தால் கிடைக்காது எனப்படும் தகவல் எந்தச் சூழலில் கிடைக்கிறது என்ற கேள்வியை இம்மறுப்பே எழுப்புகிறது. காத்தி காலு ஓகத் (1961) வழக்கில் பதினொரு நீதிபதிகள் அமர்வு, வற்புறுத்தல் இல்லாதவரை 27ஆம் பிரிவு அரசமைப்பின் 20(3)ஐ மீறாது என்றது. வற்புறுத்தல் இருந்ததா என்பதைப் பதிவின்றி அறிவது கடினம்.

வசதி இல்லை என்பது இரண்டாவது. பரம்வீர் சிங் சைனி (2020) வழக்கில் காவல் நிலையங்களில் ஒலியோடு கூடிய கண்காணிப்புக் கேமராக்களை நிறுவ உச்ச நீதிமன்றம் ஏற்கெனவே ஆணையிட்டிருக்கிறது.

ஒப்புதல் காணொளி ஊடகங்களுக்குக் கசிந்து, விசாரணைக்கு முன்பே எதிரியைக் குற்றவாளியாக்கிவிடும் என்பதே மூன்று மறுப்புகளில் வலுவானது. இதற்கு விடை பதிவைத் தவிர்ப்பதில் இல்லை. முத்திரையிட்டு நடுவரிடம் ஒப்படைப்பதிலும், ஏற்கத்தக்க பகுதியை மட்டும் நீதிமன்றம் திறப்பதிலும் இருக்கிறது.

முடிவுரை

மூன்று மாற்றங்கள் தேவை. கைதான நேரத்திலிருந்து கைப்பற்றும் நேரம்வரை பதிவு இடைவெளியின்றித் தொடர வேண்டும். எதிரியை அழைத்துக்கொண்டு புறப்படும் முன், அதுவரை காவலர் அறிந்தவற்றைக் கூறும் குறிப்பு நேரக் குறியோடு மின்வழியில் நடுவரைச் சேர வேண்டும். இவ்விரண்டும் இல்லாத கைப்பற்றலை நீதிமன்றங்கள் பொருள் கிடைத்ததற்கான சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும். எதிரியின் அறிவுக்கான சான்றாகக் கொள்ளக்கூடாது.

இது எதிரிகளுக்குக் காட்டும் சலுகையன்று. வரிசை மெய்ப்பிக்கப்படாத கைப்பற்றல் நிரபராதியைச் சிறைக்கு அனுப்பலாம். உண்மையான கொலையாளியை விடுதலையும் செய்யலாம். இரண்டிலும் கொலையுண்டவரின் குடும்பத்துக்கு நீதி கிடைப்பதில்லை. மேல்முறையீட்டில் சிதையாத தீர்ப்பை அவர்களுக்குத் தர வேண்டுமானால், அதற்கான உழைப்பு எதிரி வாய் திறக்கும் முதல் நிமிடத்திலேயே தொடங்க வேண்டும்.